1863-ஆம் ஆண்டுப் போர்க்கடன் பத்திரம்: பணம் வருமா, வாங்கிச் சேர்க்கலாமா?

கேள்வி: நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு அட்லாண்டாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பழம்பொருள் கடையில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கடன் பத்திரம் ஒன்றை வாங்கினேன். அப்போது பிரிந்து போய்ப் போரில் தோற்ற தென் மாநிலக் கூட்டமைப்பு வெளியிட்டது. 1,000 டாலர், ஆண்டுக்கு 8% வட்டி, 1863 பிப்ரவரி 20 சட்டம் என்று போட்டிருக்கிறது. அடியில் சில வட்டிக் கூப்பன்கள் வெட்டப்படாமல் இருக்கின்றன. கடைக்காரர் இதை ‘என்கிரேவிங்’ என்று சொல்லித்தான் கொடுத்தார். இப்போது வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு முகவர், முன்பணம் கட்டினால் அமெரிக்க அரசிடமிருந்து அசலும் வட்டியும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? பத்திரம் அசல்தானா? இதுபோல இன்னும் சில வாங்கிச் சேர்க்க ஆசை. ஒன்றுக்கு பிரேம் போட்டு மகன் வீட்டு வரவேற்பறையில் மாட்டவும் நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்:

ஐயா, முதலில் அந்த முகவரின் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் கூட்டு வட்டி போட்டுப் பார்த்திருப்பீர்கள். 1,000 டாலருக்கு 8%, 160 ஆண்டு என்றால் ஏறக்குறைய 22 கோடி டாலர் வரும். அந்த முகவரும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டியிருப்பார். ஆனால் இந்தக் கடனைத் தரக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1868 ஜூலையில் நிறைவேறிய 14-ஆவது திருத்தத்தின் 4-ஆவது பிரிவைப் பாருங்கள். கிளர்ச்சிக்கு உதவியாக வாங்கிய எந்தக் கடனையும் மத்திய அரசோ மாநிலங்களோ ஏற்கக் கூடாது, அவையெல்லாம் சட்டவிரோதம், செல்லாது என்கிறது. விடுதலையான அடிமைகளுக்கு ஈடாக இழப்பீடு கேட்பவர்களுக்கும் அதே வரியில்தான் பதில். காலாவதி, நிலுவை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. கடன் வாங்கிய அரசு 1865-இல் ஒழிந்தது. வென்ற அரசு அந்தக் கடனைத் தொடவே கூடாது என்று தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டது.

இந்த ஆசையை வைத்துப் பிழைப்பு நடத்துவதும் புதிதல்ல. 1881 வாக்கில் லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஒரு வதந்தி கிளம்பியது. தென் மாநிலக் கூட்டமைப்பின் தங்கம் ஏதோ ஓர் ஐரோப்பிய வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு அது பிரித்துக் கொடுக்கப்படும் என்று. அடுப்பு மூட்டக் கிடந்த காகிதங்களை ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள். தங்கம் வரவில்லை. லண்டனில் பத்திரக்காரர்கள் சேர்ந்து, என்றாவது பணம் வரும் என்ற நம்பிக்கையில் தங்கள் பத்திரங்களைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் போட்டு வைத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1987-இல், அந்தக் குவியல் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தது. பல்லாயிரம் தாள்கள். இன்று சந்தையில் இந்தப் பத்திரங்கள் இவ்வளவு கிடைப்பதற்கு அந்தக் குவியலும் ஒரு காரணம். அமெரிக்கக் கருவூலத் துறையும் பழைய கடன் பத்திரங்களைக் காட்டிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி எச்சரித்தே வந்திருக்கிறது. பழைய ரயில்வே பத்திரம், சீனப் பத்திரம், ஜெர்மன் பத்திரம் என்று சரக்கு மாறுமே தவிர, முன்பணம் கேட்பது மாறாது.

சரி, உங்கள் பத்திரத்துக்கு வருவோம்.

கடைக்காரர் சொன்ன ‘என்கிரேவிங்’ அநேகமாகத் தவறு. அவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. பூவேலையும் உருவப்படமும் இருந்தால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். செதுக்கு அச்சு என்பது எஃகுத் தகட்டில் கோடுகளை வெட்டி, அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை அழுத்தி எடுப்பது. மை காகிதத்தின் மேல் மேடாக நிற்கும். நம் ஊர் ரூபாய் நோட்டில் காந்தி படத்தை நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறதே, அது. அமெரிக்காவில் இந்தத் தொழில் தெரிந்த பெரிய நிறுவனங்கள் எல்லாம் போர் தொடங்கியபோது வடக்கே, நியூயார்க்கில் இருந்தன. தெற்கு அரசின் முதல் பணத்தாள்களையே நியூயார்க்கில்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது! 1861 பிப்ரவரி 28 சட்டப்படி எழுப்பிய முதல் ஒன்றரைக் கோடி டாலர் கடனுக்கான பத்திரங்கள், அமெரிக்கன் பேங்க் நோட் நிறுவனத்தின் நியூ ஆர்லியன்ஸ் கிளையில் செதுக்கப்பட்டவை. பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அதற்குப் பிறகு தெற்கின் தலைநகர் ரிச்மண்டிலும் சவுத் கரோலினாவிலும் கிடைத்த அச்சகங்களில், கல்லச்சில்தான் (தட்டைக் கல்லிலிருந்து எடுக்கும் லித்தோ அச்சு) பெரும்பாலும் அடித்தார்கள். கல்லச்சில் மை தட்டையாகப் படியும், கோடு சற்று மொழுக்கென்று இருக்கும். உங்கள் பத்திரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எவன்ஸ் அண்ட் காக்ஸ்வெல் என்று இருந்தால் கல்லச்சு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கல்லச்சு என்பதால் மதிப்புக் குறைவா? என் அனுபவத்தில், படம் அழகா, அந்த வகை அரிதா, தாள் கெடாமல் இருக்கிறதா என்பவைதான் விலையை முடிவு செய்கின்றன. முற்றுகையில் சிக்கிய ஒரு நாடு, நல்ல காகிதமும் தேர்ந்த செதுக்குக் கலைஞரும் இல்லாமல், கிடைத்ததை வைத்துக் கடன் வாங்கிய கதை அந்தத் தட்டையான மையில்தான் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கும்.

அசலா நகலா என்று நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். ஒரே சீரான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் இக்கால ஆஃப்செட் அச்சு, அதோடு விஷயம் முடிந்தது. அசலில் பெரும்பாலும் கோடுதான் இருக்கும். அடுத்து வரிசை எண்ணும் கையெழுத்தும். இவை பேனாவால் எழுதியவை. கருவூலப் பதிவாளர் ராபர்ட் டைலர், அமெரிக்காவின் பத்தாவது அதிபர் ஜான் டைலரின் மகன், அவரோ அவருக்காக ஓர் உதவியாளரோ ஒவ்வொரு தாளிலும் உட்கார்ந்து ஒப்பமிட்டார்கள். அந்த மை காலப்போக்கில் பழுப்பாகும், அழுத்தி எழுதிய இடத்தில் பின்பக்கம் வரை ஊறித் தெரியும். கையெழுத்தும் அச்செழுத்தும் ஒரே கறுப்பில், ஒரே தட்டையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது காகிதம். கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் மெல்லியதாக, தொட மிருதுவாக இருக்கும். சுற்றுலாக் கடைகளில் விற்கும் நகல்களோ வேண்டுமென்றே மஞ்சளாக்கிய, மொறமொறப்பான தாள். ‘பழசு’ என்று கத்திக்கொண்டே இருக்கும். 1950-களில் காலை உணவுப் பொட்டலங்களில்கூட தென் மாநிலப் பணத்தாள் நகல்களைப் போட்டுக் கொடுத்தார்கள். அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கூப்பன்கள். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் பத்திரத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு கூப்பன், பொதுவாக ஜனவரி 1, ஜூலை 1 தேதியிட்டவை. உங்கள் பத்திரத்துக்கு ஒவ்வொன்றும் 40 டாலர். உரிய நாளில் கத்தரித்துக்கொண்டு போய்க் கொடுத்து வட்டி வாங்க வேண்டும். மிச்சமிருக்கும் கூப்பன்களில் ஆக முந்திய தேதி எது என்று பாருங்கள். 1865 ஜூலை 1 என்று இருந்தால், உங்கள் தாளின் பழைய சொந்தக்காரர் அதே ஆண்டு ஜனவரி வரை விடாமல் வட்டி வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். ஏப்ரல் தொடக்கத்தில் ரிச்மண்ட் விழுந்தது, 9-ஆம் தேதி அப்பமாட்டக்ஸில் தெற்கின் படைத்தலைவர் லீ சரணடைந்தார். ஜூலைக் கூப்பனை நீட்டுவதற்கு எதிரே ஆளில்லை. 1864 கூப்பன்களும் வெட்டாமல் இருந்தால் இன்னும் சுவாரசியம். அந்த 40 டாலரை வாங்க ஏன் யாரும் போகவில்லை? ஊரை வடக்குப் படை பிடித்துக்கொண்டதா, அந்தத் தாள் பணத்துக்காக நடப்பது வீண் என்று விட்டுவிட்டார்களா? கத்தரித்த விளிம்பையும் பாருங்கள். கையால் வெட்டியது கொஞ்சம் கோணலாகத்தான் போகும்.

பணம் எப்படி வீணானது என்பதற்கு உங்கள் பத்திரத்தின் தேதியே சாட்சி. தெற்கு அரசு வரி போட்டு வசூலித்தது மிகக் குறைவு. செலவில் பாதிக்கு மேல் நோட்டு அடித்தே சமாளித்தார்கள். கருவூலச் செயலர் மெம்மிங்கர், புழங்கும் நோட்டைக் குறைக்க மக்களிடம் ‘நோட்டைக் கொடு, பத்திரம் வாங்கிக்கொள்’ என்று சொல்லிப் பார்த்தார். 1863 பிப்ரவரிச் சட்டம் அதற்காக வந்ததுதான். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, ரிச்மண்ட் நகரப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மிரட்டலாகவே சட்டம் வந்தது: பெரிய நோட்டுகளைக் குறித்த நாளுக்குள் 4% பத்திரமாக மாற்றாவிட்டால், மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. பணமதிப்பிழப்புக் காலத்தில் வங்கிக் கவுண்டரின் அந்தப் பக்கம் நின்றவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து என்ன வாங்குவது? என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி, இரண்டு ஆண்டில் சலித்து, என்னிடமே விற்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கோவில்பட்டிக்காரர். உங்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு தாள், எர்லாங்கர் கடன் பத்திரம். காத்திருந்து, பணம் சேர்த்து, நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

1863 மார்ச்சில் பாரிஸின் எமில் எர்லாங்கர் நிறுவனம் வழியாகத் தெற்கு அரசு 30 லட்சம் பவுண்டு கடன் எழுப்பியது. வட்டி 7%. லண்டன், லிவர்பூல், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஃபிராங்க்ஃபர்ட் என்று ஐந்து ஊரில் விற்றார்கள். ஆசை காட்டியது வட்டியை வைத்து அல்ல, பஞ்சை வைத்து. பத்திரக்காரர் விரும்பினால் ராத்தலுக்கு 6 பென்ஸ் வீதம் பஞ்சாகவே வாங்கிக்கொள்ளலாம். 100 பவுண்டுப் பத்திரத்துக்கு 4,000 ராத்தல். அப்போது லிவர்பூலில் அமெரிக்கப் பஞ்சு 20 பென்ஸுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மூன்று மடங்குக்கு மேல் விலை! ஒரு கொக்கி மட்டும்: பஞ்சைத் தெற்கு அரசு தன் நாட்டுக்குள்தான் ஒப்படைக்கும். போர் முடியும் முன்பே வேண்டுமானால், வடக்குக் கப்பல்களின் முற்றுகையைத் தாண்டி எடுத்து வருவது உங்கள் சாமர்த்தியம். 100-க்கு 90 என்று விற்ற பத்திரம் முதல் சில நாள் ஏறி, பிறகு இறங்கியது. தெற்கின் ஆட்களே கடனில் வந்த பணத்தை எடுத்துத் தங்கள் பத்திரத்தையே வாங்கி விலையைத் தாங்கிப் பிடித்தார்கள். ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் தெற்கு தோற்று, விக்ஸ்பர்க் நகரும் கைவிட்டுப் போனதும் அதுவும் பலிக்கவில்லை. பாரிஸில் தெற்கின் தூதராக இருந்த ஜான் ஸ்லைடெல், எர்லாங்கர் குடும்பத்து மகனுக்கு 1864-இல் தன் மகளைக் கட்டிக் கொடுத்ததுதான் இந்தக் கடனில் கடைசி வரை நின்ற ஒரே உறவு.

உங்கள் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், தெற்கின் பஞ்சு கடலைத் தாண்டாத அந்த நான்கு ஆண்டில்தான் லிவர்பூல் இந்தியா பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் கொட்டியது, போர் முடிந்ததும் 1865-இல் பலரும் திவாலானார்கள். உங்கள் கரிசல் காட்டுப் பருத்தி ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. எர்லாங்கர் பத்திரமும் ஒரு டின்னவெல்லிப் பஞ்சுப் பொதியும் ஒரே விலை ஏற்றத்தின் இரண்டு முனைகள். இப்படி ஒரு சரடு கிடைத்தால் சேகரிப்பு தானே வளரும்: அக்காலத்துப் பஞ்சு வணிகக் கடிதங்கள், கப்பல் ரசீதுகள் என்று.

விலை பற்றி ஒரு பொது விதி. கட்டி முடித்த கடனின் பத்திரம் அரிது, கட்டாத கடனின் பத்திரம் மலிவு. வடக்கு அரசுக்காக ஜே குக் என்ற வங்கியாளர் சாதாரண மக்களிடம் 6% பத்திரங்களை விற்றார். அரசு அவற்றைத் திருப்பி வாங்கி ரத்து செய்துவிட்டதால் இன்று கண்ணில் படுவதே அபூர்வம். தோற்ற தெற்கின் தாள்களோ ஒன்றிரண்டு நூறு டாலருக்குள் சாதாரண வகைகள் கிடைக்கும். 1916-இல் ரஷ்யப் பேரரசு விட்ட போர்க்கடனும் அப்படியே. 1918 தொடக்கத்தில் போல்ஷெவிக் அரசு ஒரே ஆணையில் செல்லாது என்றது, காகிதம் மட்டும் மிஞ்சியது. ஆகவே ‘160 ஆண்டு பழையது’ என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால் மயங்காதீர்கள். வாங்கும்முன் அந்தத் தாளின் ‘பால்’ (Ball) எண் அல்லது ‘கிரிஸ்வெல்’ (Criswell) எண் என்ன என்று கேளுங்கள். இந்தத் துறைக்காரர்கள் வகைகளை அடையாளம் காண்பது இந்த இரண்டு பட்டியல்களை வைத்துத்தான். எண் சொல்லத் தெரியாத கடையில் அலங்காரப் பொருளுக்கு உரிய விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. லேமினேட் செய்யாதீர்கள். செலோ டேப் தொடவே கூடாது. பாலியெஸ்டர் உறையில், மடிப்பை நீவி விடாமல், படுக்கை வசமாக வையுங்கள். சாதா பிவிசி கவர் மையை உறிஞ்சும். பீரோவில் அந்துருண்டை போடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பிரேம் போட்டே ஆக வேண்டும் என்றால், அட்டையில் பசை போட்டு ஒட்டாத பிரேம்காரரைப் பிடியுங்கள். ஒட்டிவிட்டால் பாதி விலை அங்கேயே போய்விடும். வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

மகன் வீட்டு வரவேற்பறை பற்றி நீங்கள் என் கருத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அட்லாண்டாவில் தென் மாநிலக் கூட்டமைப்பின் சின்னம் என்பது வெறும் பழம்பொருள் அல்ல. இந்தப் பத்திரங்கள் சிலவற்றில் பருத்தி எடுக்கும் கறுப்பின மக்களின் படம் அழகாக இருக்கும். அவர்கள் கூலியாட்கள் அல்ல, அடிமைகள். அவர்களை அடிமைகளாகவே வைத்திருக்க நடந்த போருக்குத்தான் அந்தக் கடன். எர்லாங்கர் பத்திரம் வாக்களித்த பஞ்சும் அவர்கள் கை எடுத்ததுதான். உங்கள் மகனின் அலுவலக நண்பர் வீட்டுக்கு வந்து, சோபாவுக்கு மேலே அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். சேகரிப்பதில் தவறில்லை, நானே இதில்தான் பிழைக்கிறேன். ஆனால் கோப்பில் வைத்து, கேட்பவருக்கு முழுக்கதையோடு எடுத்துக் காட்டுவது வேறு, வரவேற்பறையில் மாட்டுவது வேறு. நான் மாட்ட மாட்டேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பத்திரத்தை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். அச்சகத்தின் பெயர், கையெழுத்து, மிச்சமுள்ள கூப்பன்களில் முதல் தேதி, இந்த மூன்றையும் தனியாகக் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். கடை ரசீது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். வகை என்ன, கொடுத்த விலை நியாயமா என்று பார்த்துச் சொல்கிறேன்.